பரந்தன் சந்தியில் இடப்பக்கம் திரும்பிய விமானம்

வட்டக்கச்சியில் மயில்வாகனம் என்று ஒருவர் இருந்தார். குடியேற்றத் திட்டத்துப் பதிவில் அவருடைய பெயருக்கு நேரே ‘கமக்காரர்’ என்று எழுதியிருந்தது. எழுதிய உத்தியோகத்தர் அவருடைய வயலைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கொஞ்சம் யோசித்துத்தான் பேனையைத் திறந்திருப்பார். மயில்வாகனத்தின் நெல் பக்கத்து வயல் நெல்லைவிட எப்போதும் ஒரு சாண் குட்டை. உழவின் நடுவே மாடுகள் நின்றுவிடும். மாடுகளுக்குப் பின்னால் அவரும் நின்று வானத்தைப் பார்ப்பார். யார் முதலில் நின்றது என்பது மாடுகளுக்கே மறந்துபோயிருந்தது. அந்தக் குடும்பம் பட்டினி கிடக்காததற்குக் காரணம் மனைவி விமலேஸ்வரி. அவர் நிலத்தைப் பார்த்தார்.

ஆனால் மயில்வாகனத்துக்கு ஒரு வேலை தெரியும். ஆகாயத்தில் போகிற விமானம் சரியான தெருவில் போகிறதா, இல்லையா என்று அவரால் சொல்ல முடியும். நெல்லும் பன்றியும் யானையும் பற்றிக் கவலைப்படுகிற வன்னியில் இப்படியொரு வேலைக்கு ஆள் தேவைப்படும் என்று யார் நினைத்தார்கள்? தேவைப்பட்டது.

பெரிய யுத்த காலத்தில், பலாலிப் பக்கத்தில் விமானத் தளம் போடுவதற்காக வெள்ளைக்காரப் பட்டாளம் காணிகளை எடுத்தது. அதில் மயில்வாகனத்தின் தகப்பனுடைய ஆறு பரப்புப் புகையிலைத் தோட்டமும் போனது. தோட்டத்தின் நடுவில் ஒரு கிணறு இருந்தது. அதைக் கல்லும் மண்ணும் போட்டு மூடி, மேலே தார் ஊற்றி உருட்டினார்கள். யுத்தம் முடிந்தது; பட்டாளம் போனது; தார் போகவில்லை. பிறகு அதில் பயணிகள் விமானம் ஓடத் தொடங்கியது. மயில்வாகனத்துக்கு ஐம்பத்து நாலாம் ஆண்டு வட்டக்கச்சியில் மூன்று ஏக்கர் வயலும் ஒரு மேட்டுக் காணியும் கிடைத்தன. வந்து குடிசை போட்டுக் குந்திய மறுநாள் காலை, மேற்கே கண்டி வீதிக்கு மேலாக ஒரு டக்கோட்டா விமானம் இரைந்துகொண்டு தெற்கு நோக்கிப் போனது. தன்னுடைய தோட்டத்திலிருந்து புறப்பட்டுத் தன்னைத் தேடி வந்திருக்கிறது என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

எந்தக் கம்பனியின் விமானம் என்பது அவருக்குப் பெரிய விஷயமில்லை. ஓட்டுவது யாராகவும் இருக்கட்டும். முளைப்பது தன்னுடைய செம்மண்ணில். ஓடிவருகிற விமானம் நிலத்தை விடுவது சரியாகக் கிணறு இருந்த இடத்தில்தான் என்பது அவருடைய முடிவு. கீழே தண்ணீர் இருப்பது உருளுகிற சில்லுக்குத் தெரியும், தெரிந்ததும் காலைத் தூக்கிக்கொள்ளும் என்பார். இதை மறுத்துச் சொல்லக்கூடிய யாரும் வட்டக்கச்சியில் இல்லை. விமானத்தில் ஏறியவரும் இல்லை. மயில்வாகனமும் நெல் மூட்டை ஏற்றிய லொறிக்கு மேலே எதிலும் ஏறியதில்லை.

கிளம்பிய பிறகு அது என்ன செய்யும் என்பதையும் அவர் சொல்லுவார். சோளகம் வீசினால் காற்றைப் பார்த்து மேற்கே ஓடி, கடலுக்கு மேலே எழும்பி, இடக்கைப் பக்கம் வளையும். வாடை வீசினால் மற்றப் பக்கத்தால் எழும்பிப் பெரிய வட்டம் அடிக்கும். இரண்டில் எதுவானாலும் கடனீரேரியைத் தாண்டி ஆனையிறவுக்கு வந்துவிட்டால், கீழே கண்டி வீதியும் தண்டவாளமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரிப் படுத்திருக்கும். அவற்றைப் பிடித்துக்கொண்டால் மிச்சத் தூரம் நித்திரையிலும் போகலாம். அவர் சொல்லும்போது கேட்பவருக்கும் கண் லேசாகச் சொருகும். விமலேஸ்வரி மட்டும் அடுப்படியிலிருந்து, வீட்டில் இருந்துகொண்டே இவர் இவ்வளவு தூரம் போய்வருவதால்தான் வயலுக்குப் போக நேரம் கிடைப்பதில்லை என்பார்.

இனித் தண்ணீருக்கு வருவோம்.

அவருடைய வாய்க்காலில் பன்னிரண்டு காணிகள். சிறுபோகத்தில் இரணைமடுக் குளம் வற்றத் தொடங்கியதும், வாரத்துக்கு ஒரு காலைதான் அந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுவார்கள், மத்தியானத்தோடு மறித்துவிடுவார்கள். விடியப்புறம் மேல்வாய்க்காலின் ஆறு காணிகள் பாய்ச்சவேண்டும். பிறகு தண்ணீரை மறிக்கும் பலகையை மாற்றிக் கீழ்வாய்க்காலின் ஆறு காணிகளுக்கு விடவேண்டும். எப்போது மாற்றுவது? முதலில் நிழலை வைத்துப் பார்த்தார்கள். நிழலை ஒவ்வொருவரும் தன்னுடைய காலால் அளந்தார்கள். கீழ்வாய்க்கால்காரருடைய கால் நீளமாகவும் மேல்வாய்க்கால்காரருடைய கால் குட்டையாகவும் இருந்த காரணத்தால் ஒருநாள் மண்வெட்டிகள் உயர்ந்தன. அதற்குப் பிறகுதான் யாருடைய காலுக்கும் எட்டாத ஒரு பொருளைத் தேடினார்கள். அது தினமும் காலை மேற்கே போய்க்கொண்டிருந்தது.

ஆகவே சட்டம் இப்படி ஏற்பட்டது. வாய்க்கால் பிரியும் இடத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதனடியில் நின்று பார்த்தால் மேற்கே ஒரு பாலை மரம் தெரியும். அந்தப் பாலையின் உச்சியை விமானம் கடக்கிற கணத்தில் மயில்வாகனம் தண்டவாளத்தில் இரும்பால் அடிப்பார். அடித்தால் பலகை மாறும். அடிக்காவிட்டால் மாறாது.

மூன்று வருஷம் அவர் அடித்தார். ஒருநாளும் முந்தவில்லை, பிந்தவில்லை. தண்ணீர் நாளில் அவர் தோய்ந்த வேட்டியோடு, திருநீறோடு வருவார். தவராசா கூட, அவர் மேல்வாய்க்காலின் பெரிய ஆள், வழக்கு என்றால் சாப்பாட்டைத் தள்ளிவைக்கிற மனிதர், அவர்கூட மயிலர் அடித்தால் மறுகதை பேசமாட்டார். வட்டக்கச்சியில் மயில்வாகனத்துக்குக் கிடைத்த மரியாதை முழுவதும் அந்த ஒரு முழத் தண்டவாளத்தில் தொங்கியது. அவருக்கும் அது தெரியும்.

அறுபத்திரண்டாம் ஆண்டு ஆடி மாதம் ஒரு தண்ணீர் நாள்.

மேற்கே புதிதாக நிலம் வெளியெடுப்பதற்குக் காட்டை வெட்டி எரித்திருந்தார்கள். சோளகம் அந்தப் புகையைத் தூக்கிவந்து கண்டி வீதிக்கும் தண்டவாளத்துக்கும் மேலாக மெத்தைபோல விரித்திருந்தது. வெயில் அதற்குள்ளால் வடிந்து, பழுத்த தோடம்பழத்தின் நிறத்தில் வயல்களுக்கு மேலே கிடந்தது. பாலையின் உச்சி மட்டும் புகைக்கு மேலே கறுப்பாக நின்றது. மயில்வாகனம் இரும்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். உலகம் முழுவதும் இப்போதுதான் நித்திரையால் எழும்புவதா, இன்னும் கொஞ்சம் படுப்பதா என்று யோசிப்பதுபோல இருந்தது.

வழக்கமான நேரத்துக்கு இரைச்சல் கேட்டது. வடக்கே, பரந்தன் பக்கம். அவர் பாலையைப் பார்த்தார். இரைச்சல் கூடியது. அவர் கையை உயர்த்தினார். இரைச்சல் பாலைக்குப் போகவில்லை. அது அவருடைய முதுகுக்குப் பின்னால் போனது.

அவர் திரும்பினார். புகைக்கு அப்பால், கிழக்கே, சின்னதாய் ஒரு வெள்ளி மினுக்கம் முல்லைத்தீவு வீதியின் மேலாகப் போய்க்கொண்டிருந்தது. பரந்தன் சந்தியில் வீதி இரண்டாகப் பிரியும்: நேரே போனால் கண்டி, இடப்பக்கம் திரும்பினால் முல்லைத்தீவு. பஸ்சில் வருகிற புது ஆட்கள் அந்தச் சந்தியில் மாறி ஏறிப் புதுக்குடியிருப்பில் போய் இறங்கி முழிப்பது வழக்கம். விமானமும் மாறி ஏறிவிட்டது.

மயில்வாகனத்தின் உயர்த்திய கை அப்படியே நின்றது. ஓட்டுகிறவர் புதியவர், அவருக்குக் கிணறு இருந்த இடம் தெரிந்திருக்காது, புகைக்கு மேலே நின்று கண்ணில் பட்ட முதல் வீதியைப் பிடித்துவிட்டார் என்று நினைத்தார். கையை இறக்கினார். விமானம் போனது, ஆனால் பாலைக்கு மேலே போகவில்லை. சட்டப்படி விமானம் இன்னும் வரவில்லை. வழி தெரியாமல் போனவர் கடலைக் கண்டதும் திரும்புவார். அதுவரைக்கும் பொறுப்போம் என்று நின்றார்.

தவராசா பலகையில் காலை வைத்துக்கொண்டு சுருட்டுப் பற்றவைத்தார். அவருக்கும் இரைச்சல் கேட்டதுதான். மேல்வாய்க்காலில் தண்ணீர் வரம்பு முட்ட ஓடியது. சுருட்டு முடிந்தது. இன்னொன்று பற்றியது. தண்டவாளத்தின் நிழல் ஒரு சாண் சுருங்கியது.

அப்போதுதான் இராசேஸ்வரி வாய்க்கால் கட்டால் வந்தார். வாய்க்காலின் கடைசிக் காணி அவருடையது. புருஷனுக்கு அனுராதபுரத்தில் ரெயில்வேயில் வேலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறவர். வயலை இவர்தான் செய்தார். நெல் குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் உள்ளே இருந்து வெளியே எட்டிப்பார்க்க ஆயத்தமாகிற அந்த ஏழெட்டு நாளில் தண்ணீர் இல்லையென்றால், வருவது பதர். போன வாரம் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரும்போதே மறித்துவிட்டார்கள். இன்றைக்கும் தவறினால் அடுத்தது ஏழு நாள் கழித்து. அப்போது தண்ணீர் பாய்ச்சுவதும் ஒன்று, பாய்ச்சாததும் ஒன்று.

அவர் மண்வெட்டியைத் தோளால் இறக்கி ஊன்றினார்.

“மயில் அண்ணை, விமானம் போட்டுதல்லோ. ஏன் அடிக்கேல்லை?”

“போகேல்லைப் பிள்ளை. உது வழி மாறிப் போகுது. நம்மட விமானம் இன்னும் வரேல்லை.”

“சட்டம் சட்டம்தானே, தங்கச்சி,” என்றார் தவராசா, சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே. “பாலைக்கு மேலால போகோணும். நாங்கள் எல்லாரும் கையெழுத்து வைச்சது.”

இராசேஸ்வரி தவராசாவைப் பார்க்கவே இல்லை. சத்தம்போட்டுக் கேட்டிருந்தால் மயில்வாகனத்துக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் மெதுவாகக் கேட்டார்.

“அண்ணை, அந்தாள் வழி மாறினதெண்டு சொல்லுறியள். சரி. அதுக்கு என்ர நெல் என்ன செய்தது?”

மயில்வாகனம் பாலையைப் பார்த்தார். பாலைக்கு மேலே ஒன்றுமில்லை. தண்டவாளத்தைப் பார்த்தார். வராத விமானத்துக்கு அவர் ஒருநாளும் அடித்ததில்லை. ஒருமுறை அடித்துவிட்டால், பிறகு அவர் அடிக்கும் எந்த அடிக்கும் யார் பலகையை மாற்றுவார்கள்? அதன்பிறகு குட்டை நெல்லும் நின்றுபோகிற மாடுகளும்தான் மிச்சம். கீழே, இராசேஸ்வரியின் காலடியில், வாய்க்கால் மண் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

அவர் கண்ணை மூடினார். பலாலியில் விமானம் ஓடியது, கிணற்றடியில் காலைத் தூக்கியது, கடலுக்கு மேலே வளைந்தது, ஆனையிறவைத் தாண்டியது, பரந்தன் சந்தியில் இடப்பக்கம் திரும்பாமல் நேரே வந்தது, பாலையின் உச்சியைக் கடந்தது.

அடித்தார்.

தவராசாவின் வாயிலிருந்து சுருட்டு விழுந்தது. ஆனால் அடித்தால் பலகை மாறும் என்பதும் கையெழுத்து வைத்த சட்டம்தான். கீழ்வாய்க்கால்காரர் இரண்டுபேர் ஓடிவந்து பலகையை மாற்றினார்கள். தண்ணீர் கீழே திரும்பி, வெடித்த மண்ணுக்குள் சூ என்று இறங்கியது. இராசேஸ்வரி அதற்கு முன்னால் நடந்துபோனார், மண்வெட்டியால் வழிவிட்டுக்கொண்டு.

அதோடு முடிந்திருந்தால் மயில்வாகனம் தப்பியிருப்பார். தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேருகிற நேரம், கிழக்கே மறுபடி இரைச்சல். புகையைக் கிழித்துக்கொண்டு அது வந்தது, பனை உயரத்துக்குப் பதிவாக. சன்னல்களில் முகங்கள் தெரிந்தன. குனிந்து நின்ற பன்னிரண்டு காணிக்காரரும் நிமிர்ந்தார்கள். இத்தனை நாளும் கம்பிபோல மேற்கே போன பொருள் இவ்வளவு பெரிதா என்று அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அது வயல்களுக்கு மேலாகச் சரிந்து, தன்னுடைய வீதியைத் தேடிக்கொண்டு, நேரே பாலையின் உச்சியைக் கடந்தது.

மயில்வாகனத்தின் கை எழும்பியது. விமானம் பாலையைக் கடந்தால் அடிக்கவேண்டும். கடந்தது. அடித்தார்.

இரண்டாவது அடி கேட்டதும் தவராசாவின் முகம், தொலைந்த சாவியைக் கண்டெடுத்தவருடைய முகம்போல ஆனது.

விசாரணை நாலு நாளால் சங்கக்கடை விறாந்தையில் நடந்தது. அதற்குள் தவராசாவுக்குக் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. எழுதியவர் அவருடைய மச்சான் தில்லைநாதன் மாஸ்டர். கந்தோர் அலுவலாகக் கொழும்புக்குப் போன அவர் அதே விமானத்தில்தான் இருந்திருக்கிறார். புகையில் கீழே ஒன்றும் தெரியவில்லையாம். வீதி தெரிந்ததும் விமானம் அதைப் பிடித்ததாம். கொஞ்ச நேரத்தில் காடு இருக்கவேண்டிய இடத்தில் கடல் வந்ததாம். விமானிக்குப் பக்கத்தில் இருந்த இளைஞர் கதவைத் திறந்து வெளியே வந்து, மிகவும் மரியாதையாக, இது எந்த இடம் என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டாராம். ஒரு கிழவி சன்னலால் பார்த்து, வற்றாப்பளை அம்மன் கோயில் என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். பொங்கலுக்கு நடந்துபோனதைவிட இது சுகம் என்றும் சொன்னாராம். அதைக் கேட்டபிறகே விமானம் திரும்பியதாம்.

தவராசா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். மயில்வாகனம் சொன்னது ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று நிரூபித்தார். விமானம் வழி மாறியது உண்மை. சந்தியில் மாறியது உண்மை. இவ்வளவு தூரத்தில் நின்று, புகைக்குள்ளால், விமானிக்கே தெரியாததை மயிலர் தெரிந்துவைத்திருந்தார். கூட்டம் தலையாட்டியது. மயில்வாகனத்துக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. பிறகு தவராசா கடிதத்தை மடித்தார்.

“அப்ப அது வரேல்லை எண்டு தெரிஞ்சுகொண்டு, ஏன் அடிச்சனீங்கள்?”

தெரியாமல் அடித்திருந்தால் மன்னிக்கலாம். தெரிந்து அடித்தவருக்கு வழியில்லை. போதாததற்கு இரண்டாவது அடி, முதலாவது பொய் என்று அவருடைய கையாலேயே சாட்சி சொல்லிவிட்டது.

“அந்தத் தம்பி புதுசு,” என்றார் மயில்வாகனம். “தெருவை மாறிப் பிடிச்சிட்டார். அதுக்கு இந்தப் பிள்ளையின்ர நெல்லே தண்டம் கட்டுறது? அவருக்காக நான் அடிச்சனான்.”

விமானிக்காக அடிக்க இவர் யார் என்று யாரோ கேட்டார்கள். தோட்டத்துக்காரர் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. தண்டவாளத்தைக் கழற்றினார்கள். ஆகாயத்தில் போகிறதையும் நம்பமுடியாது, அதைப் பார்க்கிறவரையும் நம்பமுடியாது, ஆகவே ஒரு மணிக்கூடு வாங்கி, எட்டேகாலுக்குப் பலகையை மாற்றுவோம் என்று தீர்மானம் நிறைவேறியது. மணிக்கூடு வழி மாறாது என்றார் தவராசா. அது அவருடைய வீட்டுச் சுவரிலேயே தொங்குவதென்றும் முடிவானது.

மயில்வாகனம் வீட்டுக்குப் போனார். அடுத்த தண்ணீர் நாளில் தோயவில்லை; திருநீறு பூசவில்லை. விமலேஸ்வரி மண்வெட்டியை எடுத்து அவருடைய கையில் கொடுத்தார். இரண்டு வாரம் அவர் கமக்காரராக இருந்தார். நெல்லுக்கு அது பிடிக்கவில்லை.

மணிக்கூடு வழி மாறவில்லைத்தான். பிந்தியது. நாளுக்கு ஒரு பத்து நிமிஷம். வாரத்தில் ஒரு மணித்தியாலத்துக்குமேல். பிந்துகிற மணிக்கூடு மேல்வாய்க்காலுக்குச் சாதகம் என்பதைக் கீழ்வாய்க்கால் கண்டுபிடிக்க அதிக நாள் எடுக்கவில்லை. தினமும் சரியான நேரத்துக்குத் திருப்பிவைக்கவேண்டும் என்றார்கள். சரியான நேரம் எங்கே இருக்கிறது? திட்டத்தில் ஒரு வீட்டில் றேடியோ இருந்தது; அதன் பற்றரி சிறுபோகத்தில் உயிரோடிருப்பதில்லை. கிளிநொச்சிக்குப் போய் நேரம் கேட்டுக்கொண்டு சைக்கிளில் திரும்புவதற்குள் அது பழைய நேரமாகிவிடும். கூட்டம் யோசித்தது. தவராசா யோசிக்காததுபோல இருந்தார். கடைசியில் இராசேஸ்வரிதான் சொன்னார்: விமானம் பாலையைக் கடக்கும்போது எட்டேகால் என்று முள்ளை வைத்தால் என்ன?

வைக்கலாம்தான். ஆனால் கடக்கிற கணத்தை யார் பார்ப்பது? இரைச்சல் முன்னுக்கும் பின்னுக்கும் கேட்கும். உச்சியைக் கடப்பது கண்ணுக்குரிய வேலை.

இப்படியாகத் தண்டவாளம் இல்லாமலே மயில்வாகனம் பழைய இடத்துக்கு வந்தார். தவராசா வீட்டுக்குள்ளே, சுவரைப் பார்த்துக்கொண்டு, முள்ளில் விரலை வைத்தபடி கதிரையில் ஏறி நிற்பார். மயில்வாகனம் முற்றத்தில், தோய்ந்த வேட்டியோடு, பாலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இரைச்சல் வரும். இரண்டு பேரும் மூச்சை அடக்குவார்கள். முற்றத்திலிருந்து “இப்ப” என்று ஒரு குரல் கேட்கும். உள்ளே முள் எட்டேகாலுக்குப் போகும். தண்ணீர் நாளென்றால் அந்த எட்டேகாலுக்கே பலகையும் மாறும்.

அந்தப் போகம் இராசேஸ்வரியின் நெல் கதிர் தள்ளிச் சாய்ந்தது. முதல் அரிசியில் ஒரு சுளகு நிறைய மயில்வாகனம் வீட்டுக்கு வந்தது. விமலேஸ்வரி அதை அளந்து பார்க்கவில்லை. நல்ல அரிசி என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு கன காலம் மயில்வாகனம் “இப்ப” என்று சொல்லிக்கொண்டிருந்தார். விமானம் எத்தனையோ காலை நேரே வந்தது. சில காலை மழை இருட்டில் எங்கோ போனது. சில காலை வரவேயில்லை. மணிக்கூடு மட்டும் ஒருநாளும் எட்டேகாலைத் தவறவிடவில்லை. சுவரைப் பார்த்து நின்ற தவராசாவால் வானத்தைப் பார்க்க முடியாது. வானத்தைப் பார்க்கவேண்டிய மயில்வாகனம், வரம்பு வெடித்த வாரங்களில், “இப்ப” என்று சொல்வதற்குச் சற்று முன்னால் எங்கே பார்த்தார் என்பதை முற்றத்து மாடு மட்டும் கண்டது. கடைமடையில் அந்த வாரங்களில் தண்ணீர் நன்றாகவே போய்ச் சேர்ந்தது.